கம்போடியாவில் இறக்கிய முடி

மொட்டை போட்டுக்கொண்டவர்கள் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பழனியில் போட்டவர்கள், திருப்பதியில் போட்டவர்கள், குலசாமி கோயிலில் மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதுகொண்டே போட்டவர்கள். கம்போடியாவில் போய் மொட்டை போட்டுக்கொண்டவள் அறந்தாங்கி வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியம் இருப்பதாகவும் தெரியவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வருஷம் ஆடி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு அடித்தது. அறந்தாங்கி டாக்டர் கையை விரிக்க, தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், மறுநாளும் எடுத்தார்கள், குப்புறப் படுக்க வைத்து இடுப்பில் ஊசி குத்தி இன்னும் எதையோ எடுத்தார்கள். கடைசியில் வெறும் காய்ச்சல்தான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக எனக்குச் சொல்லப்பட்டது. வெறும் காய்ச்சலுக்கு மற்ற வீடுகளில் கஷாயம் போட்டுக் கொடுப்பார்கள், ரொட்டி வாங்கிக் கொடுப்பார்கள். என் அம்மா மொட்டை வேண்டிக்கொண்டாள். அதுவும் தன் தலையை அல்ல, என் தலையை.

எங்கள் வீட்டில் எந்தக் காரியமானாலும் அய்யனாரிடம்தான் முறையிடுவோம். அவராக இருந்தால் ஒரு மண்குதிரையை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார். என் கெட்ட நேரம், அந்த ஆஸ்பத்திரிச் சுவரில் பள்ளிகொண்ட பெருமாள் படம் போட்ட மருந்துக்கடை காலண்டர் ஒன்று தொங்கியது. கண்ணெதிரே இருந்த சாமியிடம் அம்மா வேண்டிவிட்டாள். பெருமாள் என்றால் முடிதான்.

என் முடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது தோளோடு வெட்டிவிட்டிருக்கிறேன், பார்த்தால் நம்ப மாட்டீர்கள். அன்றைக்கு அது இடுப்புக்குக் கீழே தொங்கும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அம்மாவே எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணி காட்டி வளர்த்த முடி. பள்ளிக்கூடத்தில் என் பெயர் தெரியாத டீச்சர்கள்கூட அந்த நீளச் சடைக்காரப் பிள்ளை என்று கூப்பிடுவார்கள். படிப்பிலும் ஓட்டத்திலும் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத எனக்கு அது ஒன்றுதான் அடையாளம்.

அதோடு அந்த முடிக்கு ஒரு வேலையும் காத்திருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, மீமிசல் பக்கம் இறால் பண்ணைகளில் வேலை பழகி, வியட்நாமுக்குப் போய் அங்கேயும் ஒரு இறால் பண்ணையில் இருந்தார். காலாண்டு லீவுக்கு எல்லாரும் வாங்க என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். புரட்டாசிப் பௌர்ணமிக்கு அங்கே பிள்ளைகளுக்கென்றே ஒரு திருவிழா நடக்குமாம். தெருப் பிள்ளைகள் எல்லாம் கையில் விளக்கு ஏந்தி ஊர்வலம் போவார்களாம். நிலாவில் வாழும் அழகி மாதிரி வேஷம் கட்டி ஒரு பெண் முன்னால் நடப்பாளாம். அவளுக்கு நீளமான பட்டு உடுப்பு, தலையில் பூ வளையம், முதுகு நிறைய அவிழ்த்துவிட்ட முடி. “ஒன் முடியப் பாத்தா இங்க எல்லாரும் சொக்கிப் போயிருவாங்க. நீதான் நிலாப் பொண்ணு. தெருவுல சொல்லி வச்சிட்டேன்” என்று மாமா போனில் சொன்னார். நான் கண்ணாடி முன்னால் நின்று முடியை அவிழ்த்துவிட்டு நடந்து பழக ஆரம்பித்தேன்.

அப்பா மதுரைக்கு மேல் எங்களை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. அதற்கே பத்துத் தடவை யோசிப்பார். அப்படிப்பட்டவர் இந்தத் தடவை மறுபேச்சில்லாமல் சரி என்றது எனக்கே ஆச்சரியம். காரணம் கேட்கிற வயதா அது? சந்தோஷத்தில் குதித்தேன்.

இடைஞ்சல் ஒன்றுதான். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு முடி இறக்குவதும் காது குத்துவதும் ஒற்றைப்படை வயதில்தான். ஐப்பசி பிறந்தால் எனக்குப் பத்து, அது இரட்டைப்படை. அதற்குள் இறக்காவிட்டால் பதினொன்றுக்குத்தான். அவ்வளவு நாள் பெருமாளைக் காக்க வைப்பதா என்று அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. இருக்கிற ஒரே லீவில் திருப்பதிக்குப் போவதா, தம்பியிடம் போவதா? நான் பதினொன்றுக்காக அய்யனாரிடமே தனியாக வேண்டிக்கொண்டிருந்தேன். மாமா வந்து எல்லாவற்றையும் கெடுத்தார்.

“இதுக்குப் போயி எதுக்குக்கா மண்டையக் கொழப்பிக்கிறீங்க? ஒலகத்துலயே பெரிய பெருமாள் கோயில் இங்கிட்டுத்தான், கம்போடியாவுல இருக்கு. வார வழியில அங்க எறங்குங்க. நானும் வந்துர்றேன். முடிய எறக்கிட்டுச் சேந்து எங்க ஊருக்குப் போயிருவோம்” என்றார். என்னை நிலாப் பெண் ஆக்கியவரும் இவர், என் முடிக்கு வழி சொன்னவரும் இவர். இரண்டும் ஒரே தலையில்தான் இருக்கிறது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. நான் போனைப் பிடுங்கி அழுதேன். “அதனால என்னடா, முடியில்லாட்டியும் நீ அழகுதான்” என்றார். இதெல்லாம் ஒரு பதிலா?

திருச்சி விமான நிலையத்தில் அம்மாவின் கைப்பையிலிருந்த கர்ப்பூர டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாமி காரியத்துக்குக் கொண்டுபோவதைப் பிடுங்குகிறீர்களே என்று அம்மா சண்டைக்குப் போனாள். அப்பா சமாதானம் பண்ணி இழுத்துவந்தார். சகுனம் சரியில்லை, திரும்பிவிடலாம் என்று நான் எடுத்துச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

அந்தக் கோயில் பெரிது. கோபத்தோடு போனவள் சொல்கிறேன், பெரிதுதான். ஊரணி மாதிரி ஒரு பக்கமாக இல்லாமல் நாலு பக்கமும் அகழி. மழைக்காலம், தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது. அப்பா கோபுரத்தைப் பார்க்கவே இல்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். இதில் பாதி நம்ம கண்மாயில் கிடந்தால் ரெண்டு போகம் எடுக்கலாம் என்று மாமாவிடம் சொன்னார். கல்பாலத்தில் நடந்து மேற்கு வாசலுக்குள் நுழைந்தால் பக்கத்து மண்டபத்தில் எட்டுக் கையோடு ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு பெருமாள் நின்றார். காவி நிறத்தில் பட்டு போர்த்தியிருந்தார்கள், ஊதுவத்தி புகைந்தது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் முறைப்படி மண்டியிட்டுக் கும்பிட்டார்கள். அம்மா கண்ணீர் வழிய நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

அங்கேதான் எனக்கு உயிர் வந்தது. பெருமாள் காலடியில் முடி கிடந்தது. ரிப்பன் கட்டிய சின்னச் சின்னக் கொத்துகள். கல்யாணம் ஆகப்போகிறவர்களும் வேண்டுதல் பலித்தவர்களும் ஒரு கொத்து வெட்டி வைத்துவிட்டுப் போவார்களாம். மாமா விசாரித்துச் சொன்னார். பார்த்தாயா, இங்கேயும் முடிதான் கொடுக்கிறார்கள் என்று அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. நான் விடுவேனா? கொத்துதானே கொடுக்கிறார்கள், எனக்கும் ஒரு கொத்து வெட்டு என்றேன். நம் ஊரிலேயே பொம்பளைகள் பூமுடி என்று மூன்று கத்தரி வெட்டிக் கொடுத்துவிட்டு வருவதில்லையா, பெரிய அத்தை அப்படித்தானே கொடுத்தாள் என்று ஆதாரத்தோடு பேசினேன். மாமாவே அசந்துவிட்டார். “சொல்றதுல ஞாயம் இருக்குக்கா” என்றார்.

“முழுசா வேண்டிக்கிட்டேன். முழுசாத்தான் குடுக்கணும்” என்றாள் அம்மா. அவ்வளவுதான். சாமியே கொத்துக்குச் சம்மதித்தாலும் என் அம்மா சம்மதிக்க மாட்டாள். அந்தப் பெருமாளை எட்டுக் கையோடு பார்த்தபோது, இவ்வளவு கை இருந்தும் ஒன்றை நீட்டித் தடுக்கவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

கோயிலுக்குள் சிரைக்க முடியாது என்பதால் சாலையோரம் ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போனார்கள். மரத்தில் கண்ணாடி மாட்டி, ஒரு நாற்காலி போட்டிருந்த முடிவெட்டுகிறவர் என் சடையைத் தூக்கிப் பார்த்தார். விரலால் நுனியைக் காட்டி, இவ்வளவா என்று கேட்டார். அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். தோள் வரைக்குமா என்றார். அம்மா தன் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து வழித்துக் காட்டினாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். முன்பின் தெரியாத மனுஷருக்கு இருந்த இரக்கம் பெற்றவளுக்கு இல்லை. மாமா கையைக் காலை ஆட்டி விளக்கியபிறகுதான் அவர் ஆரம்பித்தார்.

நான் அழுதேன். அம்மா சிரித்தாள். பொய் சொல்லவில்லை, முந்தானையை விரித்து விழுகிற முடியை ஏந்திக்கொண்டு முகமெல்லாம் பல்லாக நின்றாள். தானே வளர்த்த முடி போகிறதே என்று ஒரு சின்ன வருத்தம்கூட அந்த முகத்தில் இல்லை. அப்பா முதுகைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். ஒரு வண்டியும் வராத ரோட்டில் என்னதான் பார்த்தாரோ.

தலையில் சந்தனத்தோடு திரும்பவும் பெருமாள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். விரல் பருமன் கொத்துகளுக்கு நடுவில் அம்மா என் முடியைக் குவித்தாள். அங்கே ஊதுவத்தி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் வாயைப் பிளந்தாள். பிறகு கோயிலைச் சுற்றிக் காட்டினார்கள். சுவருக்குச் சுவர் கல்லில் செதுக்கிய தேவலோகப் பெண்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒருத்திக்கு இருக்கிற தலை அலங்காரம் இன்னொருத்திக்கு இருக்காது. கொண்டை, சடை, மூன்று கூம்பு வைத்துக் கட்டியது, பூச்சொருகியது. திரும்பின பக்கமெல்லாம் முடி. அத்தனை பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி மொட்டைத் தலையோடு. மாமா என்னை அவர்கள் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கப் பார்த்தார். அவர் கையைக் கடித்துவிட்டேன்.

அங்கிருந்து பஸ் மாறி வியட்நாம் போனோம். வழியெல்லாம் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் மிட்டாய்ப் பொட்டலத்தையே மடியில் வைத்துவிட்டுப் போனார். “ஒன்னைய குட்டிச் சாமியாருன்னு நெனைக்கிறாங்க” என்று மாமா விளக்கம் சொன்னார். மூன்றாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியவனைக்கூட பெஞ்சிலிருந்து கீழே பிடித்துத் தள்ளிவிட்ட எனக்கு இந்தப் பட்டம் வேறு.

மாமா இருந்தது ஆற்றங்கரை ஊர். தெருப் பிள்ளைகள் நிலாப் பெண்ணைப் பார்க்கக் கூட்டமாக வந்து நின்றன. வண்டியிலிருந்து நான் இறங்கினேன். எல்லாரும் என் தலையையே பார்த்தார்கள். அப்புறம் மாமாவின் வீட்டுக்காரர் மகள், தோள் வரைக்கும்தான் முடி அவளுக்கு, பட்டு உடுப்பையும் பூ வளையத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மறுநாள் பார்த்தால் அவள்தான் நிலாப் பெண்.

எனக்கும் ஒரு வேஷம் கொடுத்தார்கள். அங்கே துணியால் செய்த சிங்கத்துக்குள் ஆட்கள் புகுந்து மேளத்துக்கு ஆடுவார்கள். அதற்கு முன்னால் உருண்டைத் தலை முகமூடி மாட்டி, தலையணையை வயிற்றில் கட்டி, கையில் விசிறியோடு ஒரு சிரிப்புச் சாமி ஆடிக்கொண்டு போகும். ஊர்க்காவல் சாமியாம், தொப்பை குலுங்கக் குலுங்கப் பிள்ளைகள் சிரிக்க வேண்டுமாம். அந்த முகமூடியும் மொட்டை. பொருத்தம் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சாப்பிடக் கிடைத்த நிலாப் பலகாரத்தையும் அம்மா பிட்டுப் பார்த்து, நடுவில் முட்டைக்கரு இருக்கிறது, புரட்டாசியில் தொடக் கூடாது என்று பிடுங்கிக்கொண்டாள். முடியும் போயிற்று, வேஷமும் போயிற்று, கையிலிருந்த பலகாரமும் போயிற்று.

சாயங்காலம் நிலா ஏறியது. தெரு முழுக்க விளக்குகள். மீன் வடிவம், பட்டாம்பூச்சி வடிவம், கிறிஸ்துமஸுக்கு நம் ஊரில் கட்டுகிற மாதிரி சிவப்புத்தாள் ஒட்டிய நட்சத்திரங்கள். நிலாப் பெண் முன்னால் நடந்தாள். அழகாகவே இருந்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் பின்னால் சிங்கத்தோடு போனேன். ஆடவில்லை, ஆத்திரத்தில் காலை உதைத்தேன், விசிறியைத் தரையில் அடித்தேன், சிங்கத்தின் மூக்கில் ஒன்று வைத்தேன். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எவ்வளவு கோபப்பட்டேனோ அவ்வளவு கைதட்டல். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டார்கள்.

தெருமுனைக்கு வந்ததும் மூச்சு முட்டி முகமூடியைக் கழற்றினேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். காய்ச்சலில் இளைத்தவள் நான், இன்னும் உடம்பு தேறியிருக்கவில்லை. அம்மா காலையில் மறுபடி பூசிவிட்ட சந்தனம் வேர்வையில் கரைந்து தலையிலிருந்து வழிந்தது. விளக்கு விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, அம்மா வயதுதான் இருக்கும், கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டாள். மாமாவிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். மாமாவின் முகம் மாறிவிட்டது.

“பாப்பாவுக்கு எந்த ஆஸ்பத்திரில வைத்தியம் நடக்குதுன்னு கேக்குறாங்கக்கா” என்றார். “மொட்டையப் பாத்துட்டு… அந்த வியாதின்னு நெனச்சுட்டாங்க.”

என்னை ஒருத்தி நோயாளி என்கிறாள். அம்மா அவளை ஒரு பிடி பிடிக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். கர்ப்பூர டப்பாவுக்கே அந்தச் சண்டை போட்டவள் அல்லவா! அம்மா போய் அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “இல்லைங்க. அது இல்லைங்க. இல்லவே இல்லைன்னு சொல்லிட்டாங்க. எம்புள்ளைக்கு அது இல்லைங்க” என்று தமிழிலேயே சொன்னாள். சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு எழுத்துப் புரிந்திருக்காது. அவளும் அழுதாள். அப்பா, மரத்தடியில் நின்ற மாதிரியே, முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அது என்ன என்று எனக்குக் கல்லூரியில் சேர்ந்த வருஷம்தான் தெரிந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அப்பா சாதாரணமாகச் சொன்னார். ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருக்கிறார். இடுப்பு எலும்பிலிருந்து எடுத்ததை வெளியூருக்கு அனுப்பி, முடிவு வருகிறவரை இருவரும் சோறு தண்ணீர் இல்லாமல் அந்தக் காலண்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இல்லை என்று முடிவு வந்த சாயங்காலம், ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே அப்பா மாமாவுக்குப் போன் போட்டு, நாங்கள் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்.

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அப்பாவிடம் அன்றைக்கும் சண்டை போட்டேன். சொல்லியிருந்தால் நானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். என் உடம்பு, என் தலை, எனக்கு மட்டும் தெரியாமல் வீடே அதற்காக வேண்டிக்கொண்டிருந்திருக்கிறது. இது என்ன நியாயம்? “சொல்ற வயசா ஒனக்கு?” என்றார். பிள்ளைகளுக்கு எதையும் சொல்லாமல் வளர்ப்பதைப் பாசம் என்று நினைக்கிறவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அந்தத் தெருமுனையில் எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? விளக்குக்காரி ஒரு சிவப்பு நட்சத்திரத்தை என் கையில் திணித்துவிட்டுக் கடைக்குப் போனாள். அம்மா என் முன்னால் தரையில் உட்கார்ந்து, என் மொட்டைத் தலையில் கை வைத்தாள். முடி போய், வேஷம் போய், நடுத்தெருவில் ஊரைக்கூட்டி என்னை வைத்து அழுகையும் சிரிப்புமா? பலம் கொண்ட மட்டும் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அம்மா மறுபடி வைத்தாள். இன்னும் ஓங்கித் தட்டினேன். அடி பலமாகத்தான் விழுந்திருக்க வேண்டும். கையை உதறிக்கொண்டே அப்பாவைத் திரும்பிப் பார்த்து, “எப்படி அடிக்கிறா பாத்தீங்களா, எப்படி அடிக்கிறா பாருங்க” என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். அடி வாங்கியவள் எதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.